நியூக்ளியர் கேஜைக் கையில் கொடுத்துவிட்டார்கள், இனி என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவில் படித்துவிட்டு அமெரிக்காவில் மண் பரிசோதனை, மெட்டீரியல் டெஸ்டிங் கம்பெனிகளில் சேர்கிறவர்கள் கையில் சீக்கிரமே ஒரு மஞ்சள் பெட்டி வந்து சேரும். உள்ளே மண்ணின் அடர்த்தியும் ஈரமும் பார்க்கும் நியூக்ளியர் கேஜ், வெளியே கதிரியக்கச் சின்னம். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் அம்மா அழுவார். சைட்டில் கூட வேலை செய்கிறவரோ "ஒன்றும் ஆகாது" என்று அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைப் பிரிப்பார். இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வருகிற பையன்களும் பெண்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சொல்லியிருப்பவை அமெரிக்க விதிகள், இந்தியாவைப் பற்றிக் கடைசிப் பக்கமாக ஒரு கேள்வி உண்டு.

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

சாலை, அஸ்திவார நிரப்பு வேலைகளில் அதிகம் புழங்கும் கேஜ்களில் இரண்டு கதிரியக்க மூலங்கள் இருக்கும். ஒன்று சீசியம்-137, சுமார் 8 மில்லிகியூரி, அதாவது 0.3 கிகாபெக்கரல் (இரண்டும் மூலத்தின் வீரியத்தைச் சொல்லும் அலகுகள்). கீழே இறங்கி ஏறும் கம்பியின் நுனியில் இது உட்கார்ந்திருக்கும், இதிலிருந்து வரும் காமா கதிரை வைத்து அடர்த்தி பார்க்கிறோம். கம்பியை மண்ணுக்குள் இறக்கினால் கதிர் மண் வழியாக வந்து கேஜின் மறுமுனையில் இருக்கும், கதிரை எண்ணும் கைகர் குழாய்களில் விழும். மண் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு குறைவாக வந்து சேரும். இன்னொன்று அமெரிசியம்-241ஐயும் பெரிலியத்தையும் கலந்த மூலம், சுமார் 40 மில்லிகியூரி. அமெரிசியத்தின் ஆல்பா துகள் பெரிலியத்தில் மோதி நியூட்ரானை வெளியே தள்ளும், அந்த நியூட்ரான் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனில் பட்டு வேகம் குறையும், வேகம் குறைந்தவற்றை மட்டும் எண்ணினால் ஈரப்பதம் தெரிந்துவிடும். இந்த இரண்டாவது மூலம் அடிப்பாகத்திலேயே நிரந்தரமாக இருக்கும், மேலே கீழே போகாது.

இரண்டுமே துருப்பிடிக்காத எஃகுக் குப்பிக்குள் அடைத்து மூடியவை. 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டும் 800 டிகிரி சூட்டில் 10 நிமிடம் வைத்தும் சோதித்துத்தான் அந்த வகைக் குப்பிக்கு ஒப்புதல் தருகிறார்கள்.

வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும்தானே?

நிற்காது. ஸ்விட்ச் அணைப்பது திரையையும் எலக்ட்ரானிக்ஸையும்தான். சீசியம் பாதியாகவே 30 வருடம் ஆகும், அமெரிசியம் 432 வருடம். பேட்டரியைக் கழற்றினாலும், கேஜ் ரிப்பேர் ஆகி மூலையில் கிடந்தாலும் கதிர் வந்துகொண்டேதான் இருக்கும். நாம் செய்வதெல்லாம் சீசியத்தைக் கவசத்துக்குள் இழுத்துப் பூட்டி வைப்பது மட்டும்.

என் உடம்பில் எவ்வளவு படும்? பயப்பட வேண்டுமா?

கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியின் மஞ்சள் லேபிளில் டிஐ என்று ஓர் எண் எழுதியிருக்கும். அது 0.6 என்றால் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மணிக்கு 0.6 மில்லிரெம், அதாவது 0.006 மில்லிசீவர்ட் (இரண்டும் உடம்பில் படும் கதிரின் அலகுகள்). வருடத்தில் 250 நாள், தினமும் ஒரு மணி நேரம் அந்த ஒரு மீட்டர் தூரத்திலேயே நின்றாலும் 1.5 மில்லிசீவர்ட்தான் வரும். அமெரிக்காவில் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு வருடத்துக்கு 3 மில்லிசீவர்ட் போல வருகிறது. நம் ஊரில் மணவாளக்குறிச்சி பக்கம் மோனசைட் என்ற இயற்கைக் கதிரியக்க மணல் உள்ள கடற்கரையில் அதைவிடவும் கூட. கதிர்வீச்சு வேலை செய்கிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு வருடத்துக்கு 50 மில்லிசீவர்ட், மற்ற பொதுமக்களுக்கு 1.

இது கம்பி உள்ளே பூட்டியிருக்கும்போது உள்ள கதை. கம்பி வெளியே இருந்தால் கணக்கே வேறு. கவசம் இல்லாத 8 மில்லிகியூரி சீசியம் ஒரு மீட்டரில் மணிக்கு 0.025 மில்லிசீவர்ட் அளவில் தரும். தூரம் பத்தில் ஒன்றானால் அளவு நூறு மடங்கு, ஆகவே 10 சென்டிமீட்டரில் மணிக்கு 2.5. விரலால் தொடுகிற தூரத்தில், ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 250. அதனால்தான் கம்பி நுனியைக் கையால் துடைக்காதே, குனிந்து பார்க்காதே, காலால் தள்ளாதே என்று பயிற்சியில் உயிரை எடுக்கிறார்கள். முறையாக வேலை செய்கிறவருக்குப் படுவது சொற்பம், அலட்சியமாகக் கையை நீட்டுகிறவருக்கு அப்படி இல்லை.

ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டால் இன்னும் பாதுகாப்புத்தானே?

எக்ஸ்ரே அறையில் போடும் ஏப்ரனில் இருப்பது அரை மில்லிமீட்டர் அளவு ஈயம். சீசியத்தின் காமாவைப் பாதியாகக் குறைக்கவே 6 மில்லிமீட்டருக்கு மேல் ஈயம் வேண்டும், நியூட்ரானோ ஈயத்தைக் கண்டுகொள்ளவே செய்யாது. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மெதுவாக வேலை செய்தால் கேஜ் பக்கத்தில் நிற்கும் நேரம்தான் கூடும். சிலர் ஊரிலிருந்து அயோடின் மாத்திரை வாங்கி வருகிறார்கள், அது கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுப்பதற்கு, இங்கே அயோடினே கிடையாது. காசு மிச்சம்.

அப்புறம் எதுதான் காப்பாற்றும்?

தூரமும் நேரமும். டெஸ்ட் எடுக்கும் இடத்தைத் தட்டு வைத்துச் சமன் செய்வது, ஆணிக்கம்பியை அடித்துத் துளை போடுவது, துளைக்கு எதிரே கேஜ் எங்கே வரும் என்று கோடு போடுவது, இத்தனையும் கேஜ் தள்ளி ஓரமாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஆணிக்கம்பியைச் சம்மட்டியால் அடிக்கும்போது கேஜைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு காரணமும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும் கதிர் அது. எல்லாம் தயாரான பிறகு கேஜைக் கொண்டு வந்து வைத்து, கைப்பிடியால் கம்பியைத் துளைக்குள் இறக்கி, கவுண்டை ஆரம்பித்துவிட்டு இரண்டு மூன்று மீட்டர் விலகி நில்லுங்கள். ஒரு நிமிட ரீடிங்கிற்கு அதன் மேல் கவிழ்ந்து நின்று திரையைப் பார்ப்பதால் எண் சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை. முடிந்ததும் முதல் வேலை கம்பியை மேலே இழுத்து 'சேஃப்' நிலையில் வைப்பது. அந்த 'டிக்' சத்தம் காதில் விழ வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு.

காலையில் கேஜோடு வரும் ரெஃபரன்ஸ் பிளாக் மேல் வைத்து ஸ்டாண்டர்டு கவுண்ட் எடுக்கும்போது, அதாவது கேஜ் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கும்போது, வேறு கேஜ் 10 மீட்டருக்குள் இருக்கக்கூடாது. இது ரீடிங் சரியாக வருவதற்காகச் சொல்வது, ஆனால் இரண்டு கேஜை ஒரே இடத்தில் குவிக்காத பழக்கமும் இதிலேயே வந்துவிடும்.

கம்பியை மேலே இழுத்துவிட்டேன், ஆனால் 'டிக்' சத்தம் வரவில்லை. என்ன செய்வது?

அடியில் ஷட்டர் என்று ஒரு டங்ஸ்டன் கட்டி இருக்கிறது, கம்பி மேலே போனதும் நகர்ந்து வந்து துளையை மூட வேண்டும். களிமண்ணில், மழைக்குப் பிறகு வேலை செய்தால் சேறு ஏறி அது பாதியில் நின்றுவிடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், அடிவழியே கதிர் கீழ்நோக்கி வந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் கேஜைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அந்தக் கதிர் உங்கள் கால் பக்கம்தான் போகும்.

சத்தம் வரவில்லை என்றால் தூக்காதீர்கள். கம்பியை ஒரு முறை இறக்கி மறுபடி இழுத்துப் பாருங்கள், அப்போதும் மூடவில்லை என்றால் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆர்எஸ்ஓவுக்கு, அதாவது கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கு, போன் செய்யுங்கள். கதிரை அளக்கும் சர்வே மீட்டர் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம், அதற்காகவே அது கம்பெனியில் சீக்கிரம் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். சுத்தம் செய்யும் பயிற்சி எடுத்தவர்கள் அடிப்பாகம் தங்களைப் பார்க்காதபடி கேஜைச் சாய்த்து, நீளப் பிடி உள்ள பிரஷ்ஷால் சேற்றை எடுப்பார்கள். பயிற்சி எடுக்காதவர் யூடியூப் பார்த்து அதைக் கழற்றுவது என்ற பேச்சே வேண்டாம்.

சைட்டில் உண்மையிலேயே பெரிய ஆபத்து எது?

ரோலர். டோசர், டம்பர், கிரேடர் எதுவானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு என்று எல்லாரும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பயந்துகொண்டிருக்கும்போது, கேஜ்கள் பெரும்பாலும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பத்து டன் வண்டிக்கு அடியில்தான் போகின்றன. எப்படி என்று யோசித்தால் அவ்வளவு சாதாரணம். ரீடிங் ஓடிக்கொண்டிருக்கிறது, டெக்னீஷியன் டிரக்கில் இருக்கும் ஃபைலை எடுத்துவர இருபது அடி நடக்கிறார், அல்லது போன் வந்து முதுகைத் திருப்பிக்கொள்கிறார், ரோலர் ரிவர்ஸில் வருகிறது. ரோலர் ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் தரையோடு தரையாக இருக்கும் மஞ்சள் பெட்டி தெரியவே தெரியாது. அவர் பார்ப்பது உயரமாக நிற்கிற மனிதனை. நீங்கள் அதன் பக்கத்தில் நின்றால் கேஜ் தெரியும், நீங்கள் விலகினால் அது வெறும் மண்.

அதனால் இந்த வேலையில் ஒரே ஒரு பழக்கம்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், கேஜை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் முன்பே ரோலர் ஆபரேட்டரிடம் போய், கண்ணைப் பார்த்து, இந்த இடத்தில் டெஸ்ட் எடுக்கிறேன், நான் கை காட்டும் வரை இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர் மெக்சிகோக்காரராக இருந்து மொழி புரியாவிட்டால் கையால் காட்டுங்கள், கூம்பு நட்டு வையுங்கள். ஃபோர்மேன் அவசரப்படுத்துவார், அடுத்த லேயர் கொட்ட லாரி நிற்கிறது என்பார். நிற்கட்டும். உங்கள் சம்பளத்தை அவர் தருவதில்லை, கேஜ் நசுங்கினால் அன்று முழுக்க அவருடைய சைட்டும்தான் நிற்கும் என்று சொன்னால் பொதுவாக அமைதியாகிவிடுவார்.

அப்படியும் மேலே ஏறிவிட்டது. இப்போது?

வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். நகர்த்தினால், ஒருவேளை குப்பி உடைந்திருந்தால், டயரிலோ டிரம்மிலோ ஒட்டியது சைட் முழுக்கப் பரவும். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலுதவிதான் முதல் வேலை, கதிர்வீச்சுக் கவலை அதற்குப் பின்னால். அப்புறம் கேஜைச் சுற்றி குறைந்தது 15 அடிக்கு யாரும் வராமல் கயிறு கட்டுங்கள். வண்டி ஓட்டியவரும் பக்கத்தில் இருந்தவர்களும் சோதிக்கும் வரை சைட்டை விட்டுப் போகக்கூடாது, இதுதான் அந்த நேரத்தில் செய்ய வைக்கக் கஷ்டமான காரியம், ஏனென்றால் எல்லாரும் ஓடத்தான் பார்ப்பார்கள். ஆர்எஸ்ஓவுக்குப் போன் போடுங்கள். கம்பி உள்ளே இருக்கிறதா, முறிந்து வெளியே கிடக்கிறதா என்பதைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னால் அவருக்குப் பெரிய உதவி.

சிதறிய துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு ஆபீசுக்குக் கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பொதுவாகப் பிளாஸ்டிக் மேல்மூடியும் எலக்ட்ரானிக்ஸும்தான் நொறுங்கும், குப்பிகள் தாங்கிவிடும். ஆனால் அதை மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்து இல்லை.

டிரக்கில் எப்படி எடுத்துப் போவது?

கம்பி சேஃப் நிலையில், கைப்பிடியில் பூட்டு, கேஜ் அதன் சொந்தப் பெட்டிக்குள், பெட்டிக்கும் பூட்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வைக்காமல் பின்பக்கம், முடிந்த அளவு தள்ளி, பிரேக் போட்டால் ஓடாதபடி இறுக்கிக் கட்டி. இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் மஞ்சள்-2 லேபிள் கிழியாமல் இருக்க வேண்டும். வண்டிக் காகிதத்தில் யுஎன்3332 என்ற எண்ணோடு சரக்கு விவரம் இருக்கும், சீட் பெல்ட் போட்டபடியே கை எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும், நீங்கள் இறங்கிப் போனால் டிரைவர் சீட்டிலோ கதவுப் பையிலோ. விபத்தில் நீங்கள் நினைவிழந்து கிடந்தால் போலீஸ்காரர் முதலில் தேடும் இடம் அது. இந்த வகைச் சரக்குப் பயிற்சியை 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு வேலை என்றால் லைசென்ஸ் அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன் ஆர்எஸ்ஓவிடம் கேளுங்கள், பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்த மாநில அரசே இதைக் கவனிக்கிறது, முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

காபி வாங்க ஐந்து நிமிடம் இறங்கினால்கூடப் பூட்ட வேண்டுமா?

வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2005ல் கொண்டுவந்த விதி இது: கேஜ் உங்கள் நேரடிக் கண்காணிப்பில் இல்லாத எந்த நேரமும், ஒன்றையொன்று சாராத இரண்டு தடைகள் அதைப் பாதுகாக்க வேண்டும். திறந்த பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு சங்கிலி, இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சாவி. அல்லது பூட்டிய மூடிக்குள், டிரக்கோடு பிணைத்துப் பூட்டிய பெட்டி. ஒரே சங்கிலியில் இரண்டு பூட்டுப் போட்டால் அது ஒரு தடைதான், சங்கிலியை வெட்டினால் முடிந்தது. பெட்டியின் கைப்பிடியில் மட்டும் சங்கிலியைக் கோர்ப்பதும் அப்படியே, கைப்பிடியை ஸ்குரூவோடு பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

திருடுகிறவனுக்கு உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாது. விலை உயர்ந்த சர்வே கருவி என்றோ, நல்ல டூல் பாக்ஸ் என்றோ நினைத்துத் தூக்குகிறான், பிறகு சின்னத்தைப் பார்த்துப் பயந்து ஏதாவது பள்ளத்தில் வீசிவிட்டுப் போகிறான். அதை எடுக்கிற குழந்தைக்காகத்தான் அந்த இரண்டு பூட்டும்.

இரவு வீட்டிலோ மோட்டலிலோ வைத்துக்கொள்ளலாமா?

கம்பெனியின் லைசென்ஸில் அனுமதி இருந்தால் மட்டும், அதில் சொன்ன முறையில் மட்டும். இல்லையென்றால் எத்தனை மைல் ஆனாலும் ஸ்டோருக்குத் திரும்பிக் கொண்டு போக வேண்டியதுதான். அனுமதி இருந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அந்தப் பக்கத்து அறையில் தூங்குகிறவருக்கும் சேர்த்துத்தான் கணக்கு.

காணாமல் போய்விட்டால்?

உடனே ஆர்எஸ்ஓ, உடனே போலீஸ். நாளைக் காலை வரை தேடிப் பார்ப்போம் என்ற யோசனை வரும், வேலை போய்விடுமோ என்ற பயம் அப்படித்தான் பேச வைக்கும். இந்த அளவு அமெரிசியம் தொலைந்தால் ஆணையத்துக்கோ மாநில அலுவலகத்துக்கோ கம்பெனி உடனடியாகப் போனில் சொல்லியாக வேண்டும், தாமதித்தால் தொலைத்ததைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

தொலைந்தது கிடைக்குமா என்றால், கிடைக்கும், சீக்கிரம் சொன்னால். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தின் அடர்த்திக் கேஜிலிருந்து 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள சீசியம் குப்பி, நியூமன் பக்கத்திலிருந்து பெர்த் போகும் 1,400 கிலோமீட்டர் வழியில் லாரியிலிருந்து விழுந்துவிட்டது. கதிர் காட்டும் கருவியோடு சாலை நெடுக வண்டி ஓட்டிப் பிப்ரவரி 1 அன்று எடுத்துவிட்டார்கள்.

பேட்ஜ் எதற்கு? போடாவிட்டால் யாருக்குத் தெரியும்?

உங்களுக்கே தெரியாமல் போகும், அதுதான் சிக்கல். பேட்ஜ் உங்களைக் காப்பாற்றாது, எவ்வளவு பட்டது என்று எழுதி வைக்கும், அவ்வளவே. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் கேஜிலிருந்து தள்ளி வையுங்கள். கேஜ் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து எண் எகிறிவிட்டது என்று அலறுகிற கூத்து எல்லாக் கம்பெனியிலும் நடக்கும்.

கர்ப்பமாக இருக்கிறேன். வேலையை விட வேண்டுமா?

வேண்டாம். எழுத்தில் தெரிவித்தால் கர்ப்பகாலம் முழுக்கக் குழந்தைக்கான வரம்பு 5 மில்லிசீவர்ட் ஆகிவிடும், கம்பெனி அதற்கேற்ப வேலையை மாற்ற வேண்டும். தெரிவிப்பதும் தெரிவிக்காததும் உங்கள் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. என்னைக் கேட்டால் சீக்கிரம் தெரிவித்துவிட்டு லேபில் ப்ராக்டர் டெஸ்ட், அதாவது கேஜ் இல்லாமல் மண்ணை இடித்துப் பார்க்கும் சோதனை, பார்க்கக் கேளுங்கள். கேஜைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏற வேண்டியிருப்பதே சைட் வேலையிலிருந்து மாறப் போதுமான காரணம்.

டெஸ்ட் எடுத்த மண் கதிரியக்கமாகிவிடுமா? என் சட்டை?

ஆகாது. கேஜை வைத்துவிட்டு வந்த கையால் குழந்தையைத் தூக்கலாம். குப்பி உடையாத வரை ஒட்டுவதற்கு எதுவும் கிடையாது. உடையவில்லை என்று உறுதி செய்யத்தான் லீக் டெஸ்ட், பொதுவாக 6 மாதத்துக்கு ஒரு முறை, சில கேஜ்களுக்கு 12 மாதம். துடைத்து எடுத்த பஞ்சை லேபுக்கு அனுப்புவார்கள். கேஜ் உங்கள் கைக்கு வரும்போது கடைசித் தேதி என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை.

இந்தியாவில் இதே வேலை என்றால்?

நம் ஊர்ச் சைட்டுகளில் இன்னும் சாண்ட் ரீப்ளேஸ்மென்ட், கோர் கட்டர் என்ற, கதிர் இல்லாத பழைய முறைகள்தான் அதிகம், அதனால் நிறைய இன்ஜினியர்கள் கேஜைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இருக்கும் இடங்களில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், இ-லோரா என்ற இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். ஆர்எஸ்ஓ, பட்ட கதிரைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ் எல்லாம் உண்டு. வரம்பு அமெரிக்காவைவிடக் கறார்: ஐந்து வருடச் சராசரி வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது.

ஸ்டோரில் பழைய கேஜ் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

கேள்வி சிரிப்பாகத் தெரியும், ஆனால் கம்பெனி கை மாறும்போது, ஆர்எஸ்ஓ வேலையை விடும்போது இது நடக்கக்கூடிய காரியம்தான். 2010ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது அதுவே. ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய கோபால்ட்-60 ஆய்வுக் கருவி ஏலத்தில் காயலான் கடைக்குப் போய், அங்கே பிரித்துப் போட்டு, ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 1987ல் பிரேசிலின் கோயானியாவில் கைவிட்ட புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியைப் பிரித்ததில் நான்கு பேர் இறந்தார்கள். அதில் இருந்த சீசியம் ஒரு கேஜில் இருப்பதைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல், அதனால் ஒரு கேஜால் அப்படி ஊரே நாசமாகாது. ஆனால் இரும்புக் கழிவோடு உருக்காலைக்குப் போனால் ஆலையை மூடிக் கழுவ வேண்டி வரும், பில் உங்கள் கம்பெனிக்கு வரும்.

தயாரித்த கம்பெனிக்கோ உரிமம் பெற்ற வேறு ஆளுக்கோதான் திருப்பிக் கொடுக்க முடியும். அவர்கள் லைசென்ஸின் நகலை வாங்கிப் பார்த்த பிறகு, லீக் டெஸ்ட் முடித்து, பெட்டியில் பூட்டி அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்தது என்ற ரசீது ஃபைலுக்குள் வரும் வரை, ஆறு மாதக் கணக்கெடுப்பில் அந்த கேஜ் உங்கள் பெயரில்தான் இருக்கும்.